பனிக்கடலோரத்து விருந்து

அலாஸ்காவின் வடகோடியில், ஆட்டிக் கடலின் கரையிலே, உத்கியாக்விக் என்றோர் ஊர் உண்டு. பரோ என்று நம் பழைய தேசப்படங்கள் குறித்த இவ்வூர், 2016ஆம் ஆண்டு மக்களின் வாக்கினால் தன் பண்டைப் பெயரை மீட்டுக்கொண்டது. அங்கே மாரியில் ஏறத்தாழ 65 நாட்கள் சூரியன் தலைகாட்டுவதில்லை. வயலுமில்லை; பழமரமுமில்லை. ஆயினும் இனுயிற் மக்களின் ஒரு கிளையினரான இனுப்பியட் மக்கள் நூற்றாண்டுகள் பலவாக அங்கு நலமுடன் வாழ்ந்து வருகின்றனர். எதனை உண்டு வாழ்ந்தனர் என வினவுவோமாயின், அவர்கள் முதலிற் கூறும் விடைகளுள் ஒன்று 'மக்டாக்' என்பதாகும்.

மக்டாக் என்பது திமிங்கிலத்தின் தோலும் அதனோடு ஒட்டிய கொழுப்புமாம். மேலே கரிய தோல். கீழே இளஞ்சிவப்புச் சாயல் படர்ந்த கொழுப்பு. 'ஊலு' என்னும் பிறைவடிவக் கத்தியாற் பெண்கள் அதனைச் சிறு துண்டுகளாக அரிவர். உறைந்தபடி பச்சையாகவும் உண்பர், அவித்தும் உண்பர். மெல்ல மெல்லக் கொட்டைப் பருப்பின் சுவை தோன்றும் என்பர் உண்டறிந்தோர்.

இதனைக் கேட்டு நம்முட் சிலர் முகஞ்சுளித்தல் கூடும். ஆனால் ஒன்றை எண்ணிப் பார்ப்போம். 1875இல் வடதுருவம் நாடிப் புறப்பட்ட பிரித்தானியக் கடற்படையினர், பதனிட்ட உணவைக் கப்பல் நிறைய ஏற்றிச் சென்றனர். முரசு வீங்கிக் குருதி கசியும் ஸ்கேவி நோய் அவர்களை வாட்டியது. மறு ஆண்டே திரும்பினர். 'சி' உயிர்ச்சத்துக் குறைவே அந்நோயின் காரணம். வெள்ளைத் திமிங்கிலத்தின் பச்சைத் தோல் 100 கிராமில் 30 மில்லிகிராமுக்கு மேல் அச்சத்து உண்டென ஆய்வாளர் பின்னர் அளந்து கண்டனர். தோடம்பழம் விளையாத நாட்டிலே தோடம்பழத்தின் தொழிலைத் திமிங்கிலத் தோல் செய்து வந்தது!

இத்தகைய உணவுக்கும் ஒருகால் இடையூறு வந்தது. 1848 முதல் அமெரிக்கக் கப்பல்கள் பேரிங் தொடுகடலைக் கடந்து வந்து, விளக்கெண்ணெய்க்காகவும் சீமாட்டிகளின் இடைக்கச்சுக்காகவும் வில்தலைத் திமிங்கிலங்களை ஆயிரக்கணக்கிற் கொன்று குவித்தன. அதன் விளைவைச் சுமந்தவரோ இனுப்பியட் மக்களே. எஞ்சியவை மிகச் சிலவே எனக் கருதி, 1977இற் சர்வதேசத் திமிங்கில ஆணைக்குழு அவர்களின் வேட்டையையும் தடுத்தது.

வேடர்கள் அதனை மறுத்தனர். "திமிங்கிலங்கள் பனிக்கட்டியின் கீழாகவும் செல்கின்றன, கரையிலிருந்து எண்ணுவோர் கண்ணுக்கு அவை புலப்படா" என்பது அவர்களின் வாதம். தமக்கென ஒரு சங்கமும் அமைத்தனர். அடுத்த ஆண்டுக்குச் சிறு தொகையொன்று அனுமதிக்கப்பட்டது. பின்னர் நீருக்கடியில் ஒலிவாங்கிகளை இறக்கிக் கேட்டபோது, பனிக்கடியிற் செல்லும் திமிங்கிலங்களின் குரல் தெளிவாகக் கேட்டது. வேடர் சொல் மெய்யாயிற்று. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அவற்றின் தொகை ஏறத்தாழ 17,000. இன்றும் வரையறுக்கப்பட்ட அளவிலேயே அவர்கள் வேட்டையாடுகின்றனர்.

வேட்டை வாய்த்த ஆண்டில், ஆனி மாதத்தில் 'நலுக்கட்டாக்' என்னும் விழா நிகழும். திமிங்கிலம் பிடித்த படகின் தலைவனும் அவன் மனைவியும் ஊரார் அனைவருக்கும் மக்டாக்கும் இறைச்சியும் பங்கிடுவர். முதியோர்க்கும் வேட்டைக்குச் செல்ல இயலாதோர்க்கும் பங்குண்டு. கடல் தந்ததைத் தனித்துண்ணல் அவர்கள் வழக்கமன்று.

எஞ்சியதை உறைநிலத்தில் தோண்டிய நிலவறைகளிற் சேமிப்பர். அவற்றுட் சிலவற்றில் இப்பொழுது நீர் கசிகின்றது; சிலவற்றில் இறைச்சி கெடுகின்றது. கடற்பனி முன்போல் உறுதியாக இல்லை என்று அவ்வூர் முதியோர் கூறுகின்றனர். உணவைப் பற்றியும் திமிங்கிலத்தைப் பற்றியும் அவர்கள் அறிந்திருந்ததை உலகம் காலந்தாழ்த்தியே ஒப்புக்கொண்டது. பனியைப் பற்றி அவர்கள் சொல்வதையேனும் நாம் வேளையோடு கேட்போமாக.