காற்றுத் திருகு

2015 டிசம்பர் வெள்ளம். ஊரப்பாக்கத்தில் எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். மீட்க வந்த படகு பாதியில் நின்றுவிட்டது. தம்பி கயிற்றை இழுத்து இழுத்து ஓய்ந்தான். இன்ஜின் சுற்றியது, பிடிக்கவில்லை. என் மடியில் காய்ச்சலோடு மகள்.

பெட்ரோல் குழாயின் ரப்பர் குமிழ் சப்பிக் கிடந்தது. டேங்குக்குள் காற்று போகாவிட்டால் பெட்ரோல் வராது. தாம்பரத்துக்குத் தினம் ஸ்கூட்டி ஓட்டியவளுக்கு இது தெரியும்.

"தம்பி, டேங்க் மூடியில காத்துத் திருகு திறந்திருக்கா?"

"பிளக்குல தண்ணி சார்," என்று என் கணவரிடம் சொன்னான். இவருக்கு பிளக் என்றால் சுவரில் இருப்பது.

கழற்றினான். பிளக் காய்ந்திருந்தது. அப்படியென்றால் பெட்ரோலே வரவில்லை. நானே குனிந்து திருகைத் திறந்தேன். உஸ்ஸென்று காற்று உள்ளே போனது. குமிழ் உப்பியது. அழுத்திக் கொடுத்தேன். பிளக்கை மாட்டி இழுத்தான். மூன்றாவது இழுப்பில் பிடித்தது.

இறங்கும்போது, "தேங்க்ஸ் சார்," என்றான்.

"பரவால்லப்பா," என்றார் இவர்.