டார்: ஒரு பொட்டலத்தின் கதை

தார் என்றதும் ரோடு போடுவது ஞாபகம் வந்தால் தப்பில்லை. ஆனால் இது வேற டார் :-)

லினக்ஸ் உலகத்தில் ஒரு மென்பொருளின் மூலநிரலை இறக்கினால், பெரும்பாலும் 'டார்.ஜிஇசட்' என்ற வாலோடுதான் வரும். நூற்றுக்கணக்கான கோப்புகளை ஒரே பொட்டலமாகக் கட்டுவதுதான் டாரின் வேலை. அதை அமுக்கிச் சின்னதாக்குவது ஜிஜிப் என்ற வேறொரு ஆள். நிறைய பேர் இரண்டையும் ஒன்று என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

டார் பிறந்தது 1979-ல், பெல் ஆய்வகத்தின் யூனிக்ஸ் ஏழாம் பதிப்போடு. 'டேப் ஆர்கைவ்' என்பதன் சுருக்கம். காந்த நாடாவில் எழுத வந்தது என்பதால் முறை ரொம்ப எளிமை. ஒவ்வொரு கோப்புக்கும் முன்னால் 512 பைட்டில் ஒரு சீட்டு: பெயர், அளவு, உரிமையாளர் எண், கடைசியாக மாற்றிய நேரம். பின்னாலேயே கோப்பு. அப்புறம் அடுத்த சீட்டு. அவ்வளவுதான்.

சிக்கலும் அந்தச் சீட்டில்தான். பெயருக்கு 100 பைட்தான் இடம். அடைவுக்குள் அடைவு வைத்துப் பெயர் நீண்டால் மாட்டிக்கொள்ளும். சரி, சீட்டையே மாற்றிவிடலாமே? மாற்றினால் பழைய பொட்டலங்களை எப்படிப் பிரிப்பது? 1988-ல் வந்த போசிக்ஸ் தரம் அழகாக ஒரு வேலை செய்தது. பழைய சீட்டில் 257 பைட்தான் பயன்பட்டது, மீதி காலி. அந்தக் காலி இடத்தில் பெயரின் முன்பகுதிக்கு 155 பைட் ஒதுக்கினார்கள். பழைய வீட்டை இடிக்காமல் திண்ணையைத் தடுத்து அறை எடுத்த மாதிரி!

ஆனால் இன்னொரு குறை வெகுநாள் யார் கண்ணிலும் உறுத்தவில்லை. ஒரே மூலநிரலை இரண்டு பேர் கட்டினால் இரண்டு பொட்டலமும் ஒன்றாக இருக்காது. நேரம் வேறு, உரிமையாளர் வேறு, கோப்புகளை அடுக்கும் வரிசைகூட வேறு. 2014-ல்தான் குனு டாரில் பெயர் வரிசைப்படி அடுக்கும் வசதி சேர்ந்தது. நேரத்தையும் உரிமையாளரையும் நிலையாக வைத்துவிட்டால், யார் கட்டினாலும் பைட்டுக்குப் பைட் ஒரே பொட்டலம்.

இதெல்லாம் ஒரு மேட்டரா என்று கேட்பவர்கள் 2024 மார்ச் மாதத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். எக்ஸ்இசட் என்ற அமுக்கும் மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ திருட்டுக் கதவு வைத்திருந்தார்கள். அதைத் திறந்துவிடும் வரிகள் பொதுவில் எல்லோரும் பார்க்கும் கிட் களஞ்சியத்தில் இல்லை. வெளியிட்ட பொட்டலத்துக்குள் மட்டும் இருந்தன! பொட்டலம் கட்டும்போது தானாக உருவாகும் கோப்புகள் சில கூடுதலாகச் சேருவது வழக்கம்தானே என்று யாருக்கும் சந்தேகம் வரவில்லை. எஸ்எஸ்ஹெச் வழியாக நுழைய அரை நொடி கூடுதலாக ஆகிறதே என்று ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற நிரலாளர் துருவிப் பார்த்ததால் உலகம் தப்பித்தது.

டாரைக் குற்றம் சொல்ல முடியாது. கொடுத்ததைக் கட்டுவது அதன் தொழில். ஆனால் களஞ்சியத்திலிருந்து எவரும் அதே பொட்டலத்தைத் திரும்பக் கட்டி ஒப்பிட முடிந்தால், நடுவில் நுழைந்த ஒரு வரிகூட வெளியே தெரிந்துவிடும்.

அடுத்த முறை புராஜெக்டை டாரில் கட்டும்போது, ஒரு நிமிடம் விட்டு இரண்டு தரம் கட்டி எம்டி5 எடுத்துப் பாருங்கள். ஜிஜிப் போட்டிருந்தால் இன்னும் நல்லது. இரண்டும் ஒன்றாக வருகிறதா?