மேகம் இறங்கினால் திரும்பி வாங்க



மலை ஆபத்து என்றால் நம் தேனி மாவட்டத்தில் எல்லாருக்கும் 2018 மார்ச் 11-ம் தேதி குரங்கணியில் பிடித்த காட்டுத்தீதான் ஞாபகம் வரும். அது வெயில் காலம். மார்கழியில் மழையும் மேகமும் காற்றும் சேர்ந்து வந்தால் அதுவும் ஆபத்துதான். போன அரையாண்டு லீவில் நானே பார்த்தேன்.

நம் பண்ணைப்புரத்தில் இருந்து நிறையப் பேர் கேரளா ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போகிறார்கள். ஜீப் என்றால் கம்பம்மெட்டு, இல்லையென்றால் போடிமெட்டு வழியாகச் சுற்றித்தான் போகணும். தேவாரம் பக்கம் சாக்குலூத்து மெட்டு வழியாக நடந்தால் தூரம் குறைவு. அங்கே ரோடு வேண்டும் என்று பெரியவர்கள் பல வருஷம் கேட்டது உங்களுக்கும் தெரியும்.

எங்க அம்மாச்சி தோட்டத்திலேயே தங்கிக் காய் எடுக்கிறாங்க. அவங்களுக்குக் காய்ச்சல் என்று போன் வந்தது. மாத்திரையும் கம்பளியும் எடுத்துக்கொண்டு அம்மா, மாமா, நான் மூணு பேரும் விடியற்காலையில் நடந்து கிளம்பினோம். அட்டை கடித்தால் வைக்க உப்புப் பொட்டலமும் இருந்தது. அப்போது வெறும் தூறல்தான்.

பாதி மலை ஏறியதும் மேகம் இறங்கிவிட்டது. பத்தடி முன்னால் போன மாமாவே தெரியவில்லை. மழை சாய்ந்து அடித்தது. சட்டையெல்லாம் நனைந்து எனக்குப் பல் கிடுகிடு என்று அடித்தது. மாமா நின்றுவிட்டார். "இதுக்கு மேல வேணாம்க்கா. யானை நின்னாக்கூடத் தெரியாது. இறங்கிருவோம்" என்றார்.

அம்மா மேலேயே பார்த்துக்கொண்டு நின்றாங்க. "அங்க அம்மா ஒத்தையில கெடக்குடா" என்றாங்க.

"எனக்கு ஒண்ணும் இல்லம்மா, போவோம்" என்று நான் சொன்னேன். ஆனால் வார்த்தை குழறியது. அதைக் கேட்டதும் அம்மா பேசவில்லை. கவருக்குள் நனையாமல் இருந்த அம்மாச்சி கம்பளியை எடுத்து எனக்குப் போர்த்திவிட்டு இறங்க ஆரம்பிச்சாங்க. வழியெல்லாம் கண்ணைத் துடைச்சாங்க. கேட்டால் மழைத்தண்ணி என்றாங்க.

மறுநாள் ஜீப்பில் கம்பம்மெட்டு வழியாகப் போனோம். அம்மாச்சி துவண்டு கிடந்தாங்க. பக்கத்து லயத்து அக்கா கஞ்சி கொடுத்துப் பார்த்துக்கிட்டாங்க. நாங்கள் திரும்பினதைக் கேட்டதும் அம்மாச்சி, "எனக்கு வெறும் காய்ச்சல்தான். புள்ளைக்கு ஏதாச்சும் ஆயிருந்தா என்னடி பண்ணுவ?" என்று அந்தக் காய்ச்சலிலும் அம்மாவைத் திட்டினாங்க. அன்றே டாக்டரிடம் காட்டினோம்.

லீவு முடிந்து டீச்சரிடம் இதைப் பற்றிக் கேட்டேன். 1000 மீட்டர் மேலே போனால் வெப்பநிலை சுமார் 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். ஈரத்துணி உடம்புச் சூட்டை இழுக்கும். காற்று அடித்தால் இன்னும் வேகமாக இழுக்கும். முதலில் நடுங்கும். பிறகு பேச்சு குழறும், நடை தள்ளாடும், தூக்கம் வரும். குளிரிலேயே இருக்கும்போது நடுக்கம் நின்றால் சரியாகிவிட்டது என்று நினைக்கக்கூடாது, அதுதான் பெரிய ஆபத்து என்றார்கள். ஈரத்துணியை மாற்றி, உலர்ந்த கம்பளி போர்த்தி, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும்.

நண்பர்களே! சுற்றிப் பார்க்கப் போகிறவர்கள் இன்னொரு நாள் போகலாம். வேலைக்குப் போகிறவங்க திரும்பினால் ஒரு நாள் கூலி போச்சு. அதனால்தான் மழையிலும் ஏறுறாங்க. உங்கள் வீட்டில் யாராவது மலைக்கு நடந்து போனால் பிளாஸ்டிக் கவரில் ஒரு மாற்றுத்துணியும் டார்ச்சும் வைத்துக் கொடுங்கள். மேகம் இறங்கினால் திரும்பி வரச் சொல்லுங்கள். கூலி நாளைக்குக் கிடைக்கும். மலையும் அங்கேயேதான் இருக்கும்.

— ஒன்பதாம் வகுப்பு மாணவி