இருபுறமும் தலை

ராணி காலத்து நியூசிலாந்துப் பத்து சென்ட் காசைச் சுண்டிவிட்டுப் 'பூவா தலையா' கேட்டால் வம்புதான். ஒரு பக்கம் ராணி எலிசபெத்தின் தலை. மறுபக்கமும் தலை: மாவோரி மக்கள் தங்கள் சபை வீட்டின் முகட்டில் பொருத்தும் செதுக்கு முகமான கோருரு.

1967 ஜூலை 10 அன்று அந்த நாடு பவுண்டு, ஷில்லிங்கைக் கைவிட்டுத் தசமக் கணக்குக்கு மாறியது. முந்தைய ஆண்டே நாணய வடிவங்கள் பத்திரிகைகளுக்குக் கசிந்து பெரும் ரகளை. கடைசியில் ஆறு காசுகளுக்கும் ஜேம்ஸ் பெர்ரி வரைந்தவை தேர்வாயின. பழைய கணக்கை மறக்காதவர்களுக்காக, பத்து சென்ட்டில் 'ஒரு ஷில்லிங்' என்றும் 1969 வரை பொறித்தார்கள்.

மாவோரிகளுக்கு அந்தச் சபை வீடே ஒரு மூதாதையின் உடம்பு. முகட்டு உத்தரம் முதுகெலும்பு. சரிவு மரங்கள் விலா எலும்புகள். முகப்பின் இருபுறமும் சரிந்திறங்கும் பலகைகள் விரித்த கைகள். கோருரு அவர் முகம். உடம்பிலேயே தலைதான் அவர்களுக்கு மிகப் புனிதம், கண்டபடி தொடக்கூடாதது. அதைப் பாலுக்கும் ரொட்டிக்கும் கொடுக்கிற சில்லறையில் பதித்தது மரியாதையா, அத்துமீறலா? இரண்டும்தான் என்று எனக்குப் படுகிறது. ராணியின் பெயரை மறக்காமல் பொறித்தவர்கள், இந்த முகம் எந்த மூதாதையுடையது என்று சொல்லவில்லை. ஏதோ ஒரு மாவோரி முகம் போதுமென்று நினைத்திருக்கலாம்.

2006இல் காசைச் சிறிதாக்கி, எஃகின் மேல் செம்பு பூசினார்கள். பழைய வெள்ளை நிறத்தைவிட இந்தப் பழுப்புதான் மரச் செதுக்கலுக்குப் பொருந்துகிறது.

1990இல் வந்த 20 சென்ட்டின் கதை வேறு. அதில் இருப்பவர் பெயருள்ளவர்: ரோட்டோருவாவின் தே அராவா மக்களின் தலைவர் புகாகி. அவருடைய சிற்பம், கைகளில் இரு மகன்களோடு, முதலில் ஒரு கோட்டை வாயிலாக நின்றது. 1877இல் அரசின் வசம் போய், ஆக்லாந்து அருங்காட்சியகத்திலேயே தங்கிவிட்டது. அது ஊர் திரும்பியது 1997இல். ரோட்டோருவாக் கடைக்காரர்களின் கல்லாப்பெட்டியில் புகாகி அதற்குள் ஏழு வருஷமாகக் குலுங்கிக்கொண்டிருந்தார்.