அம்மாவுக்குத் தெரிந்த வரிசை

அப்பா கடைசியாக வாங்கிய ப்ளூ-ரே டிஸ்க், ஒரு ஹாலிவுட் படம். இப்போது அப்பா இல்லை. பிளேயரும் தகராறு செய்கிறது. முழங்கால் வலியோடு படுத்திருக்கும் அம்மா டேப்லெட்டில் பார்க்கட்டும் என்று, மகன் அதை கம்ப்யூட்டரில் நகலெடுக்க உட்கார்ந்தான்.

டிஸ்க்கில் படம் துண்டு துண்டாக இருக்கலாம். எதற்குப் பின் எது என்று சொல்லும் பட்டியல்தான் பிளேலிஸ்ட். வழக்கமாக, இருப்பதிலேயே நீளமானதுதான் படம். இதிலோ நூற்றுக்கணக்கில் இருந்தன. எல்லாமே 2 மணி நேரம் 4 நிமிடம்! நகலெடுப்பதைத் தடுக்கச் செய்த தந்திரம். ஒன்றில்தான் வரிசை சரி. மற்றவற்றில் காட்சிகள் இடம் மாறியிருக்கும்.

குத்துமதிப்பாக ஒன்றை எடுத்துக் கொடுத்தான். அரை மணி நேரத்தில் அம்மா கூப்பிட்டார்.

“என்னடா இது? அவன் இன்னும் ஜெயிலுக்கே போகல, அதுக்குள்ள தப்பிச்சு ஓடுறான்?”

அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால், அப்பா பக்கத்தில் உட்கார்ந்து காட்சி காட்சியாகக் கதை சொல்லியிருக்கிறார்.

மகன் மறுபடி உட்கார்ந்தான். டிஸ்க்கை மெனுவோடு ஓட்டும் சாஃப்ட்வேரில் போட்டு, படத்தை ஓடவிட்டான். எந்த எண் பிளேலிஸ்ட் ஓடுகிறது என்று அது காட்டியது. அந்த எண்ணையே தேர்ந்தெடுத்து நகலெடுத்தான்.

இந்த முறை அம்மா கூப்பிடவில்லை. எட்டிப் பார்த்தான். அடுத்து வரப்போகும் காட்சியை, அப்பா சொல்லும் அதே தோரணையில், தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தார்.