கதவு திறந்திருக்கட்டுமா?

கருவேப்பிலங்குறிச்சியில் நம் வீட்டுக் கூடத்துக்கு மஃரிபுக்குப் பின் ஒரு பெரியவர் வருவார். கணுக்காலில் சங்கிலித் தழும்பு. முன்னர் ஏதோ ஒரு காப்பகத்தில் இட்டது. "ஏன் இப்படியிருக்கிறீர்?" எனப் பல்லாண்டுகள் கேட்டிருக்கிறோம். விடை வந்ததில்லை.

2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் கொட்டகை தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்த மனநோயாளர் 28 பேர் மாண்டனர். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் எவ்வடிவிலும் சங்கிலியிடலாகாது என்றது. விலங்கு கழன்றது சரி. அஞ்சிப் பழகிய உடம்புக்கு அதை யார் சொல்வது?

மனநலப் பணிக்குப் பயிலும் நம் தங்கை மகள் விடுமுறையில் வந்திருந்தாள். பேரதிர்ச்சிக்கு ஆளானோரை அணுகும் தொடக்கப் பயிற்சியை அப்போதுதான் முடித்திருந்தாள். "என்ன கோளாறு என்று கேட்கக்கூடாது மாமு. என்ன நேர்ந்தது என்பதே அறிய வேண்டியது. அதையும் துருவலாகாது, அவராகச் சொல்லும்வரை பொறுக்க வேண்டும். தொடுமுன் அனுமதி கேட்க வேண்டும். முடிவு அவர் கையில் இருக்க வேண்டும்" என்றாள். இதற்கொரு பயிற்சியா என்று உள்ளூர நகைத்தோம்.

அன்று பெரியவரிடம் அவள் கேட்டது இவ்வளவே: "சச்சா, எங்கே உட்காருகிறீர்கள்? கதவு திறந்திருக்கட்டுமா?"

அவர் வாசலையொட்டிய நாற்காலியைக் காட்டினார். நாமோ இத்தனை காலமும் அவரைச் சுவரோரம் இருத்தி, வழியை மறித்தல்லவா அமர்ந்திருந்தோம்!

சற்றுப் பொறுத்து, முதன்முறையாக, அவரே தேநீர் கேட்டார்.