வடகோடியிலிருந்து வந்த விருந்தாளி

பனி படர்ந்த வடகோடி நிலங்களையும் அங்கு வாழும் உயிர்களையும் படமெடுக்கப் பெரும்பொருள் செலவிட்டுச் செல்வோர் உண்டு. அவ்வுயிர்களுள் ஒன்று நம் பூந்தமல்லிக்கு அருகிலேயே வந்து இறங்குவதை அறிவீர்களா?

டிசம்பர் மாதக் காலையொன்றில், ஸுபுஹுத் தொழுகையை முடித்துக் கேமராவுடன் செம்பரம்பாக்கம் ஏரிக்குச் சென்றேன். கரையோரச் சேற்றில் புள்ளிகள் தெளித்த சிறு உள்ளான்கள் புழுபூச்சிகளைக் கொத்திக்கொண்டிருந்தன. ஸ்காண்டிநேவியா முதல் சைபீரியா வரையுள்ள சதுப்புக் காடுகளில் கோடையில் குஞ்சு பொரித்து, குளிருக்கு முன்பே தெற்கு நோக்கிப் பல்லாயிரம் கிலோமீட்டர் பறந்துவரும் இனம் இது. எடையோ 100 கிராமுக்கும் குறைவு. ஸுப்ஹானல்லாஹ்!

படம் பெரிதாக விழவேண்டுமென்று மேலும் நெருங்கினேன். கூட்டம் முழுவதும் கீச்சிட்டுப் பறந்துவிட்டது. படத்தில் விழுந்தது வெறும் தண்ணீர்தான். ஆனால் என் மனத்தை உறுத்தியது அதுவன்று. வடக்கே மீள்வதற்கு, இங்கு உண்டு சேர்க்கும் கொழுப்பே அவற்றுக்குக் கட்டுச்சோறு. அதை வீணே செலவழிக்க வைத்துவிட்டேனே!

பயணமொன்றில் தோழர்கள் எடுத்துவிட்ட குஞ்சுகளைத் தாய்ப்பறவையிடமே திருப்பித் தரப் பணித்தவர்கள் அல்லவா நம் நாயகம் (ஸல்) அவர்கள்!

மறுவாரம் ஓரிடத்தில் அசையாமல் அமர்ந்தேன். ஒரு மணி நேரத்துக்குப் பின் உள்ளான் ஒன்று தானாகவே அருகில் வந்து இரை தேடியது. படமும் கிடைத்தது.

பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். எட்ட நின்று காட்டுங்கள். பசியோடு சஹனில் அமர்ந்த விருந்தாளியை எழுப்பிவிடுவது நமக்கு அழகா?